மூன்றாம் வரிசைக்கு ஒரு கூறைச்சேலை

என் பாதி உயிரையும் முழுச் சிரிப்பையும் கையோடு கொண்டு போய்விட்ட தவம் மச்சானுக்கு,

ரொறன்ரோவில், மல்வேர்னில் உங்கள் பில்டிங் வாசலில் வான் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ரியரிங்கில் கொப்பியை வைத்து எழுதுகிறேன். வானின் பின்பக்கம் பார்த்தாயென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். கூரை முட்டச் சேலை. காஞ்சிபுரம், நைலெக்ஸ், கைத்தறி, ஆரோ ஒரு அன்ரி மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக் கட்டிய சரிகை. "என்னடா யோகன், கடைசியிலை சேலைக்கடை போட்டிட்டியோ?" என்று கேட்பாய்.

இல்லை மச்சான். இன்றிரவு உன் திராட்சைத் தோட்டத்தில் உறைபனி விழும் என்கிறார்கள். வைகாசி பிறந்த பிறகும் இந்த நாட்டுக்குப் புத்தி வரவில்லை. மிஞ்சியிருக்கிற கொடிக்கு உடுத்தத்தான் இவ்வளவும். உன் பெண்சாதி ரஞ்சியும் மகள் அபியும் மாடி மாடியாகக் கதவு தட்டப் போயிருக்கிறார்கள். பழைய சேலை இருக்கோ என்று என் தங்கச்சி ஊராரிடம் கேட்டு நிற்பாள் என்று நீ கனவிலாவது நினைத்திருப்பாயா?

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்ன எழுதுவது? மற்றவர்கள் எழுதியதை வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் "அன்னார்" என்று கிடந்தது. அந்த அன்னார் ஆரென்று எனக்கு விளங்கவேயில்லை. நல்ல மனிதராகத்தான் இருந்திருக்கிறார், பாவம். எனக்குத் தெரிந்தவன் நீ. வைனை வாயில் விட்டுக் கொப்பளித்து, முகத்தைப் பெரிய பண்டிதர் போல வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரருக்குக் கடலை வடை விற்றவன்.

இன்றைக்கு எழுதுகிறேன். ஏனென்றால் சொல்ல வேறு ஆளில்லை. எல்லோரும் என்னிடம் பகிடியை எதிர்பார்க்கிறார்கள் மச்சான். என்னிடம் பகிடி முடிந்துவிட்டது.

உன் கொடிகள் செத்துவிட்டன. எல்லாம் இல்லை. ஆனால் அவ்வளவும் என்று சொல்லக்கூடிய அளவுக்குச் செத்துவிட்டன.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஹைவேயில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் வருகிற எங்கள் பக்கத்தில், திராட்சைக் கொடியைக் குளிருக்கு முன் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். பழம் பிடுங்கி முடிந்ததும் கொடியை வளைத்து, கீழ்க்கம்பியோடு கட்டி, இரண்டு பக்கத்தாலும் மண்ணை ஏற்றி மூடுவது. வசந்தத்தில் திறப்பது. மூடாத கொடி அந்தக் குளிருக்கு உள்ளே வெடித்துப் போகும். எங்கள் ஊரில் முந்திரிகை என்று இதே கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டு நிழலில் சாய்மனைக் கதிரை போட்டவர்களுக்கு இது பைத்தியக்கார வேலையாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "உயிரோடை இருக்கிறதைப் புதைக்கிறியே, நீ விவசாயியோ வெட்டியானோ?" என்று முதல் வருசம் உன்னிடம் கேட்டேன். "ரெண்டும்தான், மண்வெட்டியை எடு" என்றாய்.

வீட்டோரத்துச் சரிவில் நிற்கிற பழைய வரிசைகளுக்கு நீ மிசினை விடமாட்டாய். கையால்தான் மண் போடுவாய். மற்றதெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பீற்றர் கிழவன் தன் உழவு மிசினைக் கொண்டுவந்து மூடித் தருவான். ஐப்பசியில் அந்தச் சனிக்கிழமை, முதல் வரிசை முடித்தாய். இரண்டாவது முடித்தாய். மூன்றாம் வரிசையில் பாதிக்கு வந்தபோது மண்வெட்டியை நிலத்தில் குத்தி நிறுத்திவிட்டு, கொடிக்குப் பக்கத்திலேயே குந்தி இருந்தாய். நான் வைன் ருசி பார்க்கிற அறைக்குள் சனத்துக்குப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, நீ சரிந்து கிடந்ததைப் பார்த்தும், "வேலைக் கள்ளன், எழும்படா" என்றுதான் கூப்பிட்டேன்.

நெஞ்சு என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் பீற்றர் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, குளிர் முந்தி வருகிறது, மிசினைக் கொண்டு வரட்டுமா, எனக்கு ஒரு சதமும் வேண்டாம் என்றான். ரஞ்சி மாட்டேன் என்றாள். நான் ஓம், கொண்டு வா என்று ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"துடக்கு வீடண்ணை இது," என்றாள். "அவரை எரிச்ச சாம்பல் ஆறேல்லை. முப்பத்தொண்டு கழியட்டும். அதுக்கு முதல் இந்த வீட்டிலை ஒருத்தரும் மண்ணிலை கை வைக்கிறேல்லை."

அபிதான் அழுதாள். "மாமா, அப்பா எண்டா வெயிற் பண்ண மாட்டார். ஹீ வுட் ஜஸ்ட் டூ இற். பிளீஸ், அம்மாட்டைச் சொல்லுங்கோ." சொந்தக்காரர் எல்லோரும் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். எல்லோரும் ரஞ்சி சொல்வதுதான் சரி என்றார்கள். துடக்குத் தீட்டோடு கொடியைத் தொட்டால் கொடி பட்டுப்போகும் என்று ஒரு பெரியவர் விளக்கம் வேறு சொன்னார். தொடாமல் விட்டோம். பட்டுப்போனது. அந்தப் பெரியவரை இந்த மாதம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் கண்டேன். தோட்டம் எப்படி என்று கேட்டார். நல்லாயிருக்கு அங்கிள் என்றேன். வேறென்ன சொல்ல?

ரஞ்சியைப் பிழை சொல்லாதே மச்சான். உனக்குச் செய்யவேண்டியதை ஒன்றும் குறையாமல் செய்தாள். முப்பத்தோராம் நாள் வர இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது. அதற்குள் வந்தது குளிர். வெண்பனி கொட்டியிருந்தாலாவது கொடிக்குப் போர்வையாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. வெறும் நிலம், வெறும் குளிர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து, ஐயருக்குத் தானம் கொடுத்து, பீற்றரைக் கூப்பிடப் போனால், நிலம் சீமெந்து போல இறுகிப் போயிருந்தது. மிசின் பல்லு இறங்கவில்லை.

பங்குனியில் அபி ஒரு சவரப் பிளேட்டைக் கொண்டு போனாள். மொட்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். மண்ணிறம் என்றால் இல்லை. உன்னிடம்தான் இதைப் பழகினாள். வெட்டினாள், பார்த்தாள். அடுத்ததை வெட்டினாள். வரிசை வரிசையாகப் போனாள். முதலில் ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. கடைசியில் பிளேட்டைத் துடைத்து ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டு, "எல்லாம் பிரவுண், மாமா" என்றாள். உன் மகள், உன்னைப்போலவே, சத்தமில்லாமல்.

அன்றிலிருந்து ரஞ்சி சாப்பிடுவதில்லை. சாப்பிட்டேன் என்பாள், சோற்றுக் கோப்பை காய்ந்து கிடக்கும். தோட்டத்துக்கு வரமாட்டாள். மல்வேர்னில் யன்னலோரம் இருந்து பஸ் போவதைப் பார்ப்பாள். ஒருநாள் நான் வாய் ஓயாமல் பகிடி விட, அவள் திரும்பி அமைதியாகச் சொன்னாள்: "அவருக்கு ஒரு கொள்ளி, கொடியளுக்கு ஒரு கொள்ளி. ரெண்டும் என்ரை வீட்டாலைதானே போனது."

தோட்டம் போனால் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொள்ளலாம். அவளை எப்படி விடுவது?

இன்னொன்றும் இருந்தது. நீ மூடிவிட்டுப் போன இரண்டரை வரிசை. அதற்குள் உயிர் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் உள்ளே இருட்டில் முளைத்து, வெளிறி, அழுகிப் போகும். நான் இரண்டு தரம் மண்வெட்டியோடு போனேன். உன் மண்வெட்டி அங்கேயே குத்தியபடி நின்றது, ஒருவரும் பிடுங்கவில்லை. மண்ணில் உன் சப்பாத்து அடி குளிருக்கு இறுகி அப்படியே கிடந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். ரஞ்சியிடம் கேட்டேன். "அவர் கடைசியாச் செய்த வேலை. அதை ஒருத்தரும் குழப்பக் கூடாது" என்றாள். கொடி போய்விடும் என்றேன். "எல்லாம் போயிட்டுது, உதுவும் போகட்டும்" என்றாள்.

போன சனிக்கிழமை வைன் அறையைத் திறந்தோம். மாசியிலேயே சனம் புக் பண்ணிவிட்டது, மறிக்க முடியவில்லை. வடை சுட ஆளில்லை என்று பொய்க்கு நச்சரித்துத்தான் ரஞ்சியைக் கொண்டு போனேன். வந்தாள். உள்ளே போய் அடுப்பில் எண்ணெயை வைத்தாள். பீப்பாய்களுக்கு மேலே இருக்கிற பிள்ளையார் படத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

சனம் வந்தது. வழமை போல வாசலில் சப்பாத்தைக் கழற்றி, ரஞ்சி வைத்திருக்கிற கூடையில் கம்பளிச் சொக்ஸ் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தது. பிள்ளையார் இருக்கிற அறைக்குள் சப்பாத்தோடு வரக் கூடாது என்று அவள் போட்ட சட்டம். இப்படியும் ஒரு வைன் கடையா, ஒருத்தனும் வரமாட்டான் என்று முதல் வருசம் நான் சொன்னேன். இப்போது அந்தச் சொக்ஸுக்காகவே வருகிறார்கள்.

நான் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு பெட்டை யன்னலால் மொட்டைத் தடிகளைப் பார்த்துவிட்டு, இவை எப்போது எழும்பும் என்று கேட்டாள். வழியெல்லாம் மற்றத் தோட்டங்களில் பச்சை விட்டிருக்கிறதாம். தமிழ்க் கொடிகள், தமிழ் நேரத்துக்குத்தான் எழும்பும் என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஐஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கொட்டிலுக்குப் பின்னால் போய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன். உனக்குச் சொன்னால் என்ன? நீ ஆருக்கும் சொல்லப் போவதில்லை.

திரும்பி வந்தபோது அந்தக் கிழவி நின்றாள். ஒவ்வொரு வருசமும் புருசனோடு வந்து, உன்னிடம் வடை எப்படிச் சுடுவதென்று கேட்டு, நீ ஒவ்வொரு வருசமும் வேறு வேறு பொய் சொல்லி அனுப்புவாயே, அவள்தான். தவம் எங்கே, காணவில்லையே என்றாள். அவளுக்குத் தெரியாது. சொல்ல வாய் திறந்தேன். வந்தது இதுதான்: அவன் வரிசைக்குள்ளே நிற்கிறான்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், குசினி வாசலில் ரஞ்சி. கையில் வடை அரிக்கிற கண்ணகப்பை. கேட்டுவிட்டாள்.

கண்ணகப்பையை மேசையில் வைத்தாள். அடுப்பைக்கூட நிறுத்தாமல் வெளியே நடந்தாள். வெறுங்கால். நான் அபிக்கு அடுப்பைக் கையால் காட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால், தோட்டம் சுற்றிக் காட்டப் போகிறோம் என்று நினைத்து, அவ்வளவு சனமும் வைன் கிளாசோடும் சொக்ஸோடும் சேற்றுக்குள் இறங்கி வந்தது. அந்த ஊர்வலத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ரஞ்சி முதலாம் வரிசையில் முழங்காலில் இருந்தாள். உன் மண்வெட்டியைத் தொடவில்லை. கையால் கிண்டினாள். மேல்மண் காய்ந்து கிடந்தது, உள்மண் ஈரம். கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள், பிள்ளைக்கு முழுக வார்க்கிறபோது தலையைத் தடவுகிற மாதிரி. முளை தெரிந்தது. வெயில் கண்டிராத வெள்ளை. மெழுகு போல, தொட்டால் ஒடிகிற முளை. ஒன்றல்ல, கொடி நெடுகிலும்.

நான் அவளுக்கு எதிர்ப்பக்கம் இருந்து கிண்டத் தொடங்கினேன். கிழவி கிளாசைப் புருசனிடம் கொடுத்துவிட்டு வந்து எங்களோடு குந்தினாள். அவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு இன்னும் சிலர். எல்லோரும் கையால். முளை ஒடியாமல் எப்படி விலக்குவதென்று அபி வந்து ஒவ்வொருவருக்கும் காட்டினாள்.

மூன்றாம் வரிசையை ரஞ்சி ஒருவரையும் தொட விடவில்லை. தனியே திறந்துகொண்டு போனாள். நீ இருந்த இடத்துக்கு வந்தாள். அந்தக் கொடிக்கு இரண்டு கிளை. ஒன்றை நீ மண்ணால் மூடியிருந்தாய். மற்றதைக் கம்பியில் கட்டியிருந்தாய், மூடவில்லை. மூடாதது சுள்ளியாக இருந்தது. மூடியதில் நான்கைந்து முளை.

அந்த இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, ஒரு கை வெளியிலை, ஒரு கை உள்ளுக்கை" என்றாள். அன்று பின்னேரம் ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

பீற்றர் வந்து பார்த்தான். செத்த வரிசைகளை உடனே பிடுங்க வேண்டாம், சிலது அடியிலிருந்து கிளம்பும் என்றான். கிளம்பாதவற்றுக்கு இன்னொரு வழி சொன்னான். உயிரோடு நிற்கிற கொடியின் நீளக் கிளை ஒன்றை வளைத்து, பக்கத்தில் செத்துப்போன கொடியின் இடத்தில் மண்ணுக்குள் புதைத்தால், அது அங்கே வேர் விடும். பிறகு தாயிலிருந்து வெட்டிவிடலாம். மறுபடியும் புதைப்பதுதான் மச்சான். உன் இரண்டரை வரிசையிலிருந்து தோட்டம் முழுவதையும் அப்படி நிரப்ப எத்தனை வருசம் பிடிக்கும், நான் இருப்பேனா, தெரியாது. ஆனால் அந்த இரண்டரை வரிசை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

நாங்கள் திறந்து சரியாக ஒரு கிழமைகூட ஆகவில்லை, இன்றிரவு உறைபனி. மூடியே கிடந்திருந்தால் தப்பியிருக்கும். திரும்ப மண் போட்டால் முளை ஒடிந்துவிடும். இது என்ன நியாயம் மச்சான்? குளிருக்கு உன் வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியுமா? காலையில் நான் ஓடுகிற ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸுக்குள் இருந்து இதைத்தான் கேட்டேன். பதிலுக்கு அபியின் போன்தான் வந்தது. துணி போட்டால் கொஞ்சம் தாங்குமாம். துணி என்றதும் சேலை என்று சொன்னவள் ரஞ்சி. வரிசைக்கென்றே நெய்த நீளம்.

பின்னேர ரூட்டுக்கு வேறொருவனைப் பிடித்து விட்டுவிட்டு வந்தேன். ரூஜில் இருக்கிற சொந்தங்களின் வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போட்டேன். இப்போது உங்கள் பில்டிங். சேலை தந்த ஒருவரும் என்னத்துக்கு என்று இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஐந்தாம் மாடி அன்ரி, திருப்பித் தர வேண்டாம், கொடி பிழைத்தால் ஒரு குலை பழம் தா என்றாளாம். உன் பெட்டியிலிருந்த வேட்டிகளும் வந்திருக்கின்றன, ஸ்ரிக்கர் கழற்றாமல். ஒரு நாளும் வேட்டி கட்டாத பயலுக்கு ஊரே வேட்டி எடுத்துத் தந்திருக்கிறது.

இதோ, இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தினேன். ரஞ்சி வந்தாள். கடைசிப் பையை முன் சீற்றில் வைத்தாள். மேலே நீ ரஞ்சிக்குத் தந்த கலியாணக் கூறைச்சேலை, தாளில் சுற்றியபடி. உது வேண்டாம் தங்கச்சி, உள்ளே கொண்டு போய் வை என்றேன்.

"உதை என்னை எரிக்கேக்கை உடுத்திவிடத்தானே வைச்சிருக்கிறன்," என்றாள். "அதுவரைக்கும் பெட்டியுக்கை சும்மா கிடந்து என்ன செய்யுது? மூண்டாம் வரிசைக்கு இதைப் போடுங்கோ." கொஞ்சம் நடந்து போனவள் திரும்பி வந்தாள். "இன்னொண்டண்ணை. நான் ஐப்பசியிலை செத்துப்போனா, முதல்லை கொடியளுக்கு மண் போடுங்கோ. நான் ஐஸ்பெட்டியுக்கை காத்துக்கொண்டு கிடக்கிறன். எனக்கென்ன அவசரம்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உதட்டோரம் மட்டும். நீ போன பிறகு முதல் தரம்.

வெளிக்கிட வேண்டும் மச்சான், பொழுது சாய முன்னம் உடுத்தி முடிக்க வேண்டும். விடிந்து சேலையை விலக்கும்போது முளை என்ன நிறத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நல்லாகப் பயமாக இருக்கிறது.

ஒரு சத்தியம் மட்டும் தருகிறேன். ஒரு முளைதான் மிஞ்சினாலும், இந்த ஐப்பசியில் அதை மண் போட்டு மூடுவேன். மூன்றாம் வரிசையின் மற்றப் பாதியில், நீ நிறுத்திய இடத்திலிருந்து, உன் மண்வெட்டியால் தொடங்குவேன். அதற்குள் எங்களில் ஆர் போனாலும் சரி, மண் முதல், அழுகை பிறகு. நான் போனாலும் அப்படித்தான். நீ அங்கே நின்று, "வேலைக் கள்ளன், பிந்தி வாறான்" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

உன் மூன்றாம் வரிசைக்கு நீ தந்த கூறையைக் கொண்டு போகிறவன்,
ரஞ்சிக்குத் தமையன், அபிக்கு மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
யோகன்